நெருஞ்சிக் கஷாயம்

நெருஞ்சியைக் காய் முற்றும் முன் அறுக்க வேண்டும். பூ மஞ்சளாக விரிந்து, முள் நகத்தால் கிள்ள வருகிற பத்து நாள்தான் பதம். பிறகு அது செருப்பைத் துளைக்கும், சைக்கிள் டயரைத் துளைக்கும், வேறு ஒன்றுக்கும் உதவாது. மரித்சா ஆற்று மணலிலும் தர்ப்பூசணித் தோட்ட ஓரங்களிலும் ரயில் பாதைச் சரளையிலும் அது படர்ந்து கிடக்கும். முன்பு மருந்துக்காரர்கள் லாரி அனுப்பி வாங்கினார்கள். லாரி நின்று சில வருடமாகிவிட்டது. அந்த ஜூலையில் எங்கள் ஊரில் இரண்டு பேர்தான் நெருஞ்சி அறுத்தார்கள். நேய்கோவும் அவன் மனைவி சோன்காவும்.

நேய்கோவுக்கு முப்பத்தைந்து வயது. முதுகில் பல்கேரியா என்று எழுதிய பழைய பனியன் போட்டிருந்தான். எழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. ஒரு காலத்தில் அந்த முதுகு இருநூறு கிலோவைத் தலைக்கு மேல் கொண்டுபோயிருக்கிறது. இப்போது கால் சாக்கு நெருஞ்சியோடு கரை மேடு ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தது.

பக்கத்து வீட்டு குனா ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன நேய்கோ, கழுதைக்குத் தீனியா?"

"எனக்கு."

"அதான் கேட்டேன்."

சோன்கா சிரித்தாள். நேய்கோவும் சிரித்திருப்பான், மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க, சோன்கா? போன மாசம் போனீங்களே."

"நாலு இருக்காம், அக்கா."

"என்ன நாலு?"

"அதுதான். மார்ச்ல ஒண்ணுமே இல்ல. இப்ப நாலு. ஒண்ணு நகருதாம்."

குனா ஆட்டை இழுத்துப் பிடித்தாள். "நகருறது ஒண்ணு போதுமே. நான் மூணு பெத்தேன். என் வீட்டுக்காரர் பென்கோ என்ன பட்டாளமா வச்சிருந்தாரு?"

போகிறபோது அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லா குடிக்க வை. கசந்தாலும் விடாதே."

மார்ச்சில் பிளவ்திவ் ஆஸ்பத்திரியில் டாக்டர் வெலிச்கோவா முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.

"எடை தூக்க எத்தனை வருஷம் மருந்து போட்டீங்க?"

"பதினஞ்சு வயசுலருந்து. முப்பது வரைக்கும்."

"ஊசியா, மாத்திரையா?"

"ரெண்டும். என்னன்னு சொல்ல மாட்டாங்க. வைட்டமின்பாங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "பாருங்க. தலைக்குள்ள பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கு. அது கூப்பிட்டாத்தான் கீழே இருக்கிற ரெண்டும் வேலை செய்யும். தினமும் பக்கத்து வீட்டுலருந்து சாப்பாடு வந்துக்கிட்டே இருந்தா நீங்க அடுப்பு பத்த வைப்பீங்களா? பதினஞ்சு வருஷம் வந்துச்சு. திடீர்னு நின்னு போச்சு. இப்ப உங்க உடம்புக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியல."

"மறுபடி தெரிஞ்சுக்குமா?"

"தெரிஞ்சுக்கலாம். கூப்பிடுற வேலையைச் செய்யற மாதிரி ஒரு ஊசி இருக்கு. அதை..."

நேய்கோ எழுந்து நின்றுவிட்டான். நாற்காலி பின்னால் விழுந்தது.

"ஊசின்னா வேண்டாம், டாக்டரம்மா," என்றாள் சோன்கா. "அவன் பல் வலிக்குக் கூடப் போட்டுக்க மாட்டான்."

டாக்டர் அவனையே பார்த்தார். "சரி. அப்ப மெதுவாத்தான் ஆகும். உடம்பு தானாச் சுரக்கணும். சீக்கிரம் படுங்க. ராக்கியா, சாராயம் எதையும் தொடாதீங்க. முட்டை, வெண்ணெய், இறைச்சி சாப்பிடுங்க. வெயில்ல நடங்க. சின்ன எடையாத் தூக்குங்க. மூணு மாசத்துக்கு ஒருதரம் பார்க்கலாம். வெளியேருந்து ஒண்ணும் உள்ளே போகக் கூடாது. ஒண்ணும்."

"நெருஞ்சி?" என்றாள் சோன்கா.

"குடிக்கட்டும். கெடுதல் இல்ல. நல்லதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

வாசல் வரை வந்த டாக்டர் சோன்காவிடம் வயது கேட்டார். நாற்பத்தொன்று என்றாள். டாக்டர் தலையாட்டினார்.

அறுத்த நெருஞ்சியை நிழலில், சாக்கு மேல், விரல் கனத்துக்கு உலர்த்தினார்கள். வெயில் பட்டால் பச்சை போய்விடும். சோன்கா தினம் இருமுறை கையால் புரட்டினாள். கையெல்லாம் கீறல். அவள் நேய்கோ எடை தூக்கப் பழகிய விளையாட்டுப் பள்ளியின் சமையலறையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். பள்ளி மூடிய பிறகு காய்கறி பதப்படுத்தும் தொழிற்சாலையில் குடைமிளகாய் உரித்தாள். கீறல் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. காலையில் அலுமினியச் சட்டியில் ஒரு பிடி நெருஞ்சி போட்டு, பாதியாகச் சுண்டவைத்து, ஒரு கரண்டி தேன் விட்டுக் கொடுப்பாள். நேய்கோ மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான்.

நாலு விந்தணு என்ற எண் வீட்டுக்குள் வந்ததும் சோன்கா மேல் அறையைச் சுண்ணாம்பு அடித்தாள். யாருக்கென்று சொல்லவில்லை. நேய்கோ கேட்கவும் இல்லை.

ஆனால் நேய்கோ தேய்ந்துகொண்டே போனான். வெளியிலிருந்து வந்தது நின்று ஐந்து வருடம். உள்ளே சுரப்பது பாதிக்கும் கீழே. மாவு மில்லில் ஐம்பது கிலோ மூட்டையை நழுவவிட்டான். மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தான்.

"இருநூறு தூக்கினவன்டா இவன். இப்ப மூணு கிலோப் பிள்ளை ஒண்ணைத் தூக்க முடியல."

நேய்கோ குனிந்து, கொட்டிய மாவைக் கூட்டி அள்ளினான். வீட்டுக்கு வந்து ஏழு மணிக்குப் படுத்தான். ரேடியோவில் யாரோ பெண் மீன் குழம்பு வைப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு அழுதான்.

ஆகஸ்டில் ஒரு காலை சோன்கா கஷாயத்தோடு வந்தபோது அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் செருப்பு. இன்னொன்று கையில். மில் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"நேரமாச்சு."

"இதையும் மாட்டணும்னு தெரியுது. எதுக்குன்னு தெரியல."

அவள் குனிந்து மாட்டிவிட்டாள். அவன் அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோன்கா, பின்னால இருக்கிற கிணத்துக்கு மூடி போட்டுடு."

"ஏன்?"

"பக்கத்துல நின்னா ஒரு மாதிரி இருக்கு. போட்டுடு."

அவன் போனதும் அவள் பழைய கதவு ஒன்றை இழுத்துவந்து கிணற்றின் மேல் போட்டாள். அதன் மேல் ஒரு கல். கல் போதாது என்று தோன்றியது. இன்னும் இரண்டு வைத்தாள். அவன் இருநூறு கிலோ தூக்கியவன் என்பது நினைவுக்கு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, தொழிற்சாலைக்குப் போகாமல், மாஸ்டர் மின்ச்சோவைப் பார்க்கப் போனாள்.

மின்ச்சோ மூடிக் கிடந்த பள்ளியின் பின்புறம் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். அவர் பழக்கிய பிள்ளைகளில் ஏழு பேர் வெளிநாட்டு மேடைகளில் ஏறியிருக்கிறார்கள். ஏழு பேரின் பெயரையும் பெட்டிகளில் பெயிண்டால் எழுதியிருந்தார். நேய்கோ மூன்றாவது பெட்டி.

"வா, சமையல்காரம்மா. எப்படி இருக்கான் என் பிள்ளை?"

"எந்திரிக்க மாட்டேங்கறான், மாஸ்டர்."

"தூங்குறானா?"

"தூங்குறது மட்டும்தான் பண்றான். கிணத்தை மூடச் சொல்றான்."

மின்ச்சோ முகவலையைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பெட்டிகளைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பழுப்புப் பாட்டிலோடு வந்தார்.

"பள்ளிக்கூடத்துல நீ பொடி பண்ணிப் போட்டியே, அதேதான். ரெண்டு. காலைல."

"டாக்டர் வெளியேருந்து ஒண்ணும் கூடாதுன்னு சொன்னாங்க."

"ஊசியைச் சொல்லியிருப்பாங்க."

"ஒண்ணும்னாங்க."

"வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா என்ன பண்ணுவ? இறங்கித் தள்ளுவ. ஓட ஆரம்பிச்சா அப்புறம் தானே ஓடும். ஒரு மாசம் தள்ளு. அப்புறம் விட்டுடு." பாட்டிலை அவள் பைக்குள் அவரே வைத்தார். "அவன்கிட்ட சொல்லாதே. வைராக்கியக்காரன். துப்பிடுவான்."

பள்ளிச் சமையலறைச் சுவரில் ஒரு தாள் தொங்கும். பிள்ளைகளின் பெயர், நேராக மாத்திரைகளின் எண். இரும்பு உரலில் இடித்து, ஆறிய பழச்சாற்றில், அவரவர் கோப்பையில் கலக்க வேண்டும். உப்புப் போடுகிற மாதிரி சோன்கா அதைச் செய்தாள். அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை. பிள்ளைகள் வரிசையில் வந்து குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலை கஷாயம் சுண்டியதும் அவள் கை தானாக இரண்டு மாத்திரையை எடுத்து, கரண்டியின் பின்புறத்தால் நசுக்கி, தேனோடு குழைத்தது.

மூன்றாவது வாரம் நேய்கோ சங்கு ஊதும் முன் எழுந்தான். முகம் கழுவும்போது விசிலடித்தான். அடுத்த பத்து நாளில் மேஸ்திரியின் எதிரில் இரண்டு தோளிலும் ஒவ்வொரு மூட்டையாக ஏற்றிக்கொண்டு ஏணி ஏறினான். மேஸ்திரி வாயில் சிகரெட் அணைந்துபோனது.

செப்டம்பர் மிளகாய் சுடும் மாதம். தெருவெல்லாம் சுட்ட தோல் வாசனை. நேய்கோ முற்றத்தில் அடுப்பு மூட்டி, சிவப்புக் குடைமிளகாயை ஒரு சாக்கு சுட்டான். சோன்கா உரித்தாள். குனாவும் அவள் புருஷன் பென்கோவும் உதவிக்கு வந்தார்கள். பென்கோவுக்கு அறுபத்திரண்டு.

"நேய்கோ, அந்தக் கஷாயத்துல எனக்கும் ஒரு டம்ளர் குடேன்."

"உனக்கு எதுக்கு, மாமா?"

"ஒரு ஆராய்ச்சிதான்."

"போன தடவை ஆராய்ச்சியில ஏணியிலருந்து விழுந்தாரு," என்றாள் குனா.

நேய்கோ உள்ளே போய் ஒரு ஜாடி நிறைய ஊற்றிக் கொடுத்தான். அது காலையில் பெரிய சட்டியில் வைத்த வெறும் நெருஞ்சிதான். பென்கோ முழுவதும் குடித்துவிட்டு மறுநாள் பூராவும் கொல்லைக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஆனாலும் சேதி பரவியது. ஆற்று மணலில் முற்றிப்போன முள்ளைக் கூட ஆண்கள் பொறுக்கினார்கள். சாராயக்கடையில் நேய்கோ தண்ணீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு, எப்போது அறுப்பது, எப்படி உலர்த்துவது என்று பாடம் நடத்தினான்.

வீட்டில் அவன் சோன்காவைத் தூக்கிச் சுற்றினான். ஞாயிற்றுக்கிழமை பகலில் கதவைச் சாத்தினான். கல்யாணமான எட்டு வருடத்தில் அவர்கள் இப்படி இருந்ததில்லை.

"பார்த்தியா?" என்றான் ஒரு நாள், அவள் கையை எடுத்துத் தன் தோளில் வைத்து. "யாரும் குத்தல. யாரும் ஊட்டல. இது என் உடம்பே பண்றது. முதல் தடவையா நான் யாருன்னு எனக்குத் தெரியுது, சோன்கா."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்றாள்.

ஒரு மாதம் முடிந்தது. திங்கட்கிழமை நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை அவன் பாடிக்கொண்டே சவரம் செய்தான். அடுத்த திங்கள் என்று வைத்தாள். கிணற்று மூடியை அவனே எடுத்துவிட்டு, வாளியை இறக்கித் தோட்டத்துக்கு நீர் ஊற்றினான். அடுத்த திங்கள் என்றாள். அந்த நாலு இப்போது நாற்பது ஆகியிருக்கும் என்று நம்பினாள். நம்பாமல் அவளால் கரண்டியை எடுக்க முடியாது.

நவம்பரில் போனார்கள். செப்டம்பரில் போயிருக்க வேண்டியது. மிளகாய் வேலை என்று சோன்காதான் தள்ளிப்போட்டாள்.

டாக்டர் வெலிச்கோவா தாளை இரண்டு முறை படித்தார்.

"என்ன போடறீங்க?"

"ஒண்ணுமில்ல, டாக்டரம்மா. கஷாயம் மட்டும்." நேய்கோ சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். சட்டைத் தையல் தோளில் விண்ணென்று நின்றது.

"எப்பலருந்து மறுபடி ஆரம்பிச்சீங்க?"

"எதை?"

"உங்க ரத்தத்துல மேல இருக்கிற சுரப்பி ஒரு சத்தம் போடல. மார்ச்ல இருந்த அளவுக்குக் கூட இல்ல. சாப்பாடு வெளியேருந்து வருது."

"சத்தியமா இல்ல."

"சத்தியத்தை நான் மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பார்க்க முடியாது."

"எத்தனை இருக்கு?"

"பூஜ்யம்."

சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. எடுக்க மறந்துவிட்ட மாதிரி.

"நாலு இருந்துச்சே," என்றான்.

டாக்டர் சோன்காவைப் பார்த்தார். சோன்கா தன் கைப்பையின் கொக்கியைப் பார்த்தாள்.

"இன்னிக்கு நிறுத்தினாலும் முதல்லருந்து ஆரம்பிக்கணும். ஒரு வருஷம். அதுக்கு மேலயும் ஆகலாம்," என்றார் டாக்டர். "அதுவும் நிஜமா நிறுத்தினா."

வீட்டுக்கு வந்ததும் அவன் உலர்ந்த நெருஞ்சி மூட்டைகள் நான்கையும் எடுத்துப் போய் எருக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினான். பிறகு வீடு வீடாகப் போனான். பென்கோ வீடு, மில் மேஸ்திரி வீடு, சாராயக்கடை. "குடிக்காதீங்க. முள்ளு தின்னுடுது. எனக்கு இருந்த நாலையும் தின்னுடுச்சு." யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை வேண்டும் என்று குடித்தவர்கள் இல்லை அவர்கள். இருந்தாலும் ஜாடியை அவன் எதிரிலேயே கொட்டினார்கள்.

அவன் திரும்பியபோது சோன்கா அவரைக்கொட்டைச் சூப்பில் புதினா கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் ஊற்றி வைத்தாள். ரொட்டி நறுக்கினாள். அவன் உட்கார்ந்தான்.

"முள்ளு இல்ல," என்றாள்.

"என்ன?"

"முள்ளு ஒண்ணும் பண்ணல. நான்தான். மாஸ்டர்கிட்ட வாங்கினேன். தேன்ல போட்டேன்."

அவன் கரண்டியைத் தட்டுக்குள் வைத்தான்.

"எப்பலருந்து?"

"ஆகஸ்ட் இருபதுலருந்து. கிணத்தை மூடச் சொன்னியே, அதுக்கு மறுநாள்."

"எதுவரைக்கும்?"

"நேத்து வரைக்கும்."

"நேத்துமா?"

"நேத்தும்."

அவன் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பள்ளிக்கூடத்துல?"

"அங்கயும் நான்தான். சுவத்துல தாள் இருக்கும். உன் பேருக்கு நேரா ஆறு. கடைசி வருஷம் ஒன்பது."

"அது தெரியும்," என்றான். "நீன்னு தெரியாது. ஜன்னல்ல கைதான் தெரியும்."

அவன் கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். முழுத் தட்டையும் சாப்பிட்டான். ரொட்டியால் தட்டைத் துடைத்தான். அவள் கத்தட்டும் என்று காத்திருந்தாள். அடித்தாலும் பரவாயில்லை என்று நின்றாள்.

"செப்டம்பர்ல இருந்தது நான்தான்னு நெனச்சேன்," என்றான்.

மறுநாள் அவன் மின்ச்சோவிடம் போனான். அவர் பெட்டிகளுக்குக் குளிருக்காக வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் தோளைத் தட்டினார். "நல்லா தேறிட்டியே."

"பூஜ்யம், மாஸ்டர்."

"என்ன பூஜ்யம்?"

நேய்கோ சொன்னான். கிழவர் கையிலிருந்த வைக்கோலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"குழந்தையா? குழந்தைன்னு அவ ஒரு வார்த்தை சொல்லலடா. கிணறுன்னுதான் சொன்னா. நான் உன்னை எழுப்பணும்னுதான்..."

"எங்க ஏழு பேர்ல யாருக்குக் குழந்தை இருக்கு, மாஸ்டர்?"

மின்ச்சோ பெட்டிகளைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனார் போலிருந்தது. கடைசிப் பெட்டிக்கு வந்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டார். நேய்கோ கீழே கிடந்த வைக்கோலை எடுத்து, மிச்சமிருந்த பெட்டிகளுக்குத் தானே சுற்றிவிட்டு வந்தான்.

வீட்டில் சோன்கா மேல் அறையில் வெங்காயம் பரப்பிக்கொண்டிருந்தாள். அந்த அறை வெறுமையாக இருப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

"கிணத்தைப் பத்தி மட்டும்தான் சொன்னியாமே."

"ஆமா."

"குழந்தையைப் பத்திச் சொல்லலையாமே."

"இல்ல."

"ஏன்?"

அவள் ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்து உருட்டினாள். "அன்னிக்கு ஞாபகம் வரல."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு உள்ளே வந்து வெங்காயம் பரப்ப உதவினான்.

"பாட்டிலைத் திருப்பிக் குடுத்துடு," என்றான். "நான் கேட்டாலும் மறுபடி வாங்காதே."

அவள் அன்றே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

டிசம்பரில் மறுபடி தேய ஆரம்பித்தான். இந்த முறை முன்னைவிட ஆழமாக. என்ன நடக்கிறது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவள் கதவையும் கற்களையும் கிணற்றின் மேல் திரும்பவும் வைத்தாள். அவன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். ரொட்டித் தட்டுப்பாட்டில் எல்லாரும் வரிசையில் நின்ற குளிர்காலம் அது. சோன்கா வரிசைக்குப் போகும்போதெல்லாம் பென்கோ வந்து அவனோடு சீட்டாடினார். யாரும் அவரை அழைக்கவில்லை.

"உன் முறை, போடு."

"எதைப் போடறது?"

"எதையாவது போடு. நீ எதைப் போட்டாலும் நான்தான் ஜெயிப்பேன். ஏமாத்துறேன், பார்க்கலையா?"

ஜனவரியில் ஒரு பகல் அவன் கட்டிலில் இருந்தபடி கேட்டான்.

"சோன்கா. மாஸ்டர் வீட்டுக்குப் போறியா?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ போக வேண்டாம்னு சொன்ன."

"சொன்னேன். இப்ப போன்னு சொல்றேன்."

"போகட்டுமா? நிஜமா கேக்கறேன். குழந்தை இல்லாட்டிப் போகுது. நீ போன்னா போறேன்."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவள் தலைத்துணியைக் கட்டினாள். கோட்டுப் போட்டாள். கதவருகே நின்றாள். வெகு நேரம் நின்றதில் கோட்டுக்குள் வேர்த்தது.

"கோட்டைக் கழட்டு," என்றான் அவன், திரும்பாமலே.

மார்ச்சில் வெயில் வந்தது. முதலில் வாசல் வரை நடந்தான். பிறகு தெருமுனை வரை. ஏப்ரலில் ஆறு வரை. குனா நாளுக்கு இரண்டு முட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கோழி இவனுக்காகத்தான் முக்குகிறது என்பாள். மே மாதம் மில்லில் அரை நாள் வேலை கொடுத்தார்கள். மேஸ்திரி இருபது கிலோ மூட்டையாகப் பார்த்து அவன் பக்கம் ஒதுக்கினான். எதுவும் சட்டென்று நடக்கவில்லை. ஜூலையில் நெருஞ்சி பூத்தபோது அவன் அதைத் தாண்டி நடந்தான். ஆகஸ்டில் ஒரு காலை விசில் சத்தம் கேட்டு சோன்கா சமையலறையில் அசையாமல் நின்றாள். அது நின்றுவிடுமோ என்று பாத்திரத்தைக் கூடக் கீழே வைக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க அவளுக்குச் சமையலறை வெக்கையாக இருந்தது. அடுப்பு அணைந்த பிறகும் முகம் சிவந்து வேர்த்தது. ஏப்ரலுக்குப் பிறகு அவளுக்குத் தீட்டு வரவில்லை. ஜூனில் ஒரு வாரம் ரகசியமாகச் சந்தோஷப்பட்டாள். பிறகு சந்தோஷப்படவில்லை.

அக்டோபரில் பிளவ்திவ் போனார்கள். இந்த முறை சோன்காவும் ரத்தம் கொடுத்தாள். டாக்டர் வெலிச்கோவா தாளைப் படித்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தார்.

"எழுந்திரிச்சிடுச்சு, நேய்கோ. கூப்பிடுது, கேக்குது. அளவும் நல்லா இருக்கு. நான் எண்ண ஆரம்பிச்சேன், நூறுக்கு மேல எண்ணலை. பாதிக்கு மேல நகருது."

"நூறா?"

"ஒரு பொட்டுல நூறு. ஊசி போட்டிருந்தா இதைவிடச் சீக்கிரம் வந்திருக்கலாம். பரவாயில்லை. தானா வந்திருக்கு." சோன்காவைப் பார்த்தார். "நீங்க உள்ள வாங்க. உங்க ரத்தமும் பார்த்திருக்கேன்."

நேய்கோ வராந்தாவில் காத்திருந்தான். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மனிதனிடம், "நூறு," என்றான். அந்த மனிதன் வாழ்த்துச் சொன்னான்.

உள்ளே டாக்டர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு நாற்பத்தி ரெண்டுதான். சிலருக்கு மாதவிலக்கு சீக்கிரம் நின்னுடும். உங்க தலைக்குள்ள இருக்கிறது கத்திக்கிட்டே இருக்கு, சோன்கா. கீழே கேக்க ஆள் இல்ல."

"போன வருஷம் நவம்பர்ல?"

"அப்ப இருந்திருக்கலாம்," என்றார் டாக்டர். "தெரியாது."

"அவன்கிட்ட நீங்க சொல்லிட வேண்டாம்."

"நீங்க சொல்வீங்களா?"

சோன்கா தலையாட்டினாள்.

பஸ் நிலையத்தில் நேய்கோ சூரியகாந்தி விதை வாங்கினான். பேசிக்கொண்டே இருந்தான். மேல் அறையிலிருந்து வெங்காயத்தை எடுத்துவிடலாம். ஜன்னல் சட்டம் மாற்ற வேண்டும், காற்று வருகிறது. பென்கோ மாமாவிடம் முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். சோன்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அது போன செப்டம்பரில் இருந்த முகம் இல்லை. அவ்வளவு ரத்தம் இல்லை, அவ்வளவு பளபளப்பு இல்லை. கண்ணுக்குக் கீழே இந்தக் குளிர்காலம் முழுவதும் தங்கியிருந்தது. அதோடு சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் என்ன என்று நினைத்தாள். ஒரு திங்கட்கிழமை.

"நேய்கோ," என்றாள்.

சொன்னாள். ஏப்ரல், ஜூன், வேர்வை, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். போன நவம்பரைப் பற்றி டாக்டர் சொன்னதையும் விடவில்லை. அவன் விதையைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். தாள் மடியில் இருந்தது.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவன் தாளை மடித்தான். இன்னொரு தரம் மடித்தான். மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதானதும் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"இப்ப நான் நல்லா இருக்கேன், சோன்கா," என்றான். "நானாவே நல்லா இருக்கேன். உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அது போதும்னு சொல்ல வரல."

"தெரியுது."

பஸ் வந்தது. முண்டியடித்து ஏறினார்கள். கண்டக்டர் டிக்கெட் கட்டோடு அவர்கள் முன்னால் வந்து நின்றான்.

"எத்தனை பேர்?"

நேய்கோ வாயைத் திறந்து மூடினான். கண்டக்டர் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தான், மறுபடி இவர்களைப் பார்த்தான்.

"ரெண்டு பேர்," என்றாள் சோன்கா.